ஜெசி கேட்ட இரண்டாவது குருத்து

போன கிழமை மார்க்கம் நகரத்தில் ஒரு சுப்பர்மார்க்கெற்றுக்கு வாழைப்பழமும் பாலும் வாங்கப் போனேன். வாசலிலேயே பூ வாளிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். வெளியே பார்க்கிங் லொட்டின் மூலையில் அழுக்குப் பனி இன்னும் குவிந்து கிடக்கிறது, உள்ளே இவர்களுக்கு வசந்தம் வந்துவிட்டது. ரியூலிப் பூக்களைத் தாண்டி, கடைசி வாளியில் ஒரு கட்டு வெறும் குச்சி. இலை இல்லை, பூ இல்லை, கணுவுக்குக் கணு சாம்பல் நிறத்தில் மெத்தென்ற மொட்டு மட்டும். வில்லோ என்பார்கள். தொட்டால் பூனைக்குட்டியின் காதைத் தொட்டதுபோல இருக்கும். தொட்டேன். அறுபதைத் தாண்டிய ஒருத்தி கடை வாசலில் குச்சியைத் தடவிக்கொண்டு அழுதால் சனம் என்ன நினைக்கும் என்ற யோசனை வர, வண்டிலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தபோதுதான் தெரிந்தது, வாழைப்பழம் வாங்கவே இல்லை.

அந்தக் குச்சியை எனக்கு முதன்முதலில் காட்டியவர் மிஸிஸ் ஹேசல். அவரைப் பற்றிச் சொல்வதென்றால் எங்கள் பழைய கோயிலைப் பற்றிச் சொல்லவேண்டும். கோயில் என்றதும் கோபுரத்தைத் தேடாதீர்கள். எங்களைப் போன்ற கத்தோலிக்கருக்குச் சேர்ச்சும் கோயில்தான். ஸ்காபரோவில், இரண்டு பெரிய றோட்டுகளுக்கு நடுவில், செங்கல்லில் கட்டிய சின்னக் கோயில் அது. ஒரு காலத்தில் அந்த இடம் முழுக்கத் தோட்டக்காணியாம். இங்கிலாந்திலிருந்து வந்த கமக்காரர்கள் தங்கள் ஊர்க் கோயிலின் ஞாபகத்தில் கட்டியது என்று சொல்லுவார்கள். பின்னால் சின்னக் கல்லறைத் தோட்டம், சுற்றிவரக் கல் மதில், மதிலோரத்தில் மரங்கள். மதிலுக்கு வெளியே பதினெட்டு மாடிக் குடியிருப்பும், பஸ் தரிப்பிடமும், டோனட் கடையும். உள்ளே காலடி வைத்தால் மட்டும் வேறு ஊருக்கு வந்த மாதிரி இருக்கும்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது அந்தப் பழைய குடும்பங்களில் இருபது முப்பது வெள்ளைத் தலைகள்தான் மிச்சம். அவர்களுடைய பூசை முடிந்து அவர்கள் கோப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது எங்கள் தமிழ்ப் பூசை தொடங்கும். எங்கள் பூசை முடிய அவர்கள் பேஸ்மென்ற்றிலிருந்து மேலே வருவார்கள், நாங்கள் மேலேயிருந்து கீழே போவோம். படியில் ஒருவருக்கொருவர் விலகி விலகிச் சிரிப்பதுதான் முதல் இரண்டு மூன்று வருஷம் எங்களுக்குள் இருந்த பழக்கம்.

அந்தப் படியில் விலகாமல் நின்று பெயர் கேட்டவர் ஹேசல். உயரமான, மெலிந்த மனுஷி. மார்கழியோ ஆடியோ, காலில் ரப்பர் பூட்ஸ்தான். இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்தில் பிறந்து, கல்யாணம் முடித்த கையோடு கனடாவுக்கு வந்து, ஐம்பது வருஷத்துக்குமேல் அந்தக் கோயிலையே சுற்றிக்கொண்டிருந்தவர். வசந்தகாலம் அவருடைய இலாகா. தவக்காலம் தொடங்கமுதல் செவ்வாய்க்கிழமை பான்கேக் விருந்து, குருத்தோலை ஞாயிற்றுக்குச் சோடனை, பெரிய வெள்ளிக்குச் சிலுவைக் குறி போட்ட பணிஸ், ஈஸ்டர் முடிந்த கையோடு கல்லறைத் தோட்டத்தைக் கூட்டுவது, பிறகு பழைய சாமான் விற்பனை. எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் வைத்திருப்பார். எந்தப் பட்டியலிலும் என் பெயர் இருக்கும். நான் கேட்டு வாங்கினது அது. என்னை எங்கள் ஆட்கள் முந்திரிக்கொட்டை என்றுதான் சொல்லுவார்கள். யாராவது ஒரு வேலை என்று வாயைத் திறக்குமுன் நான் கையைத் தூக்கியிருப்பேன். அந்தக் குணத்தால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

அந்தப் பான்கேக் விருந்து இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. பேஸ்மென்ற் முழுக்க வெண்ணெய் கருகும் வாசமும், ஹீற்றரில் காயப்போட்ட கம்பளிக் கையுறைகளின் ஈர மணமும். முதல் வருஷம் எங்கள் பெண்டுகள் அதைப் பார்த்து, தோசைக்கு ஆராவது மேப்பிள் பாணி ஊத்துவினமோ என்று மூக்கைச் சுளித்தார்கள். அடுத்த வருஷம் வீட்டிலிருந்து சம்பல் போத்தல்களோடு வந்தார்கள். ஹேசல் ஒரு கரண்டி சம்பலை பான்கேக்கில் தடவிச் சாப்பிட்டு, கண்ணால் தண்ணீர் ஓட, இருமி இருமி, இன்னொரு கரண்டி கேட்டார். அன்றிலிருந்துதான் நாங்கள் ஒரே மேசையில் இருந்து சாப்பிடத் தொடங்கினோம்.

வில்லோவும் அப்படித்தான் தெரியவந்தது. குருத்தோலை ஞாயிறு அன்று நாங்கள் எல்லாரும் குருத்து பிடித்துக்கொண்டு நிற்க, அவர் மட்டும் இந்த மொட்டுக் குச்சியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவருடைய கிராமத்துக்கு ஓலை வந்து சேருவதில்லையாம். பிள்ளைகள் வாய்க்கால் கரையில் இதைத்தான் முறித்துக்கொண்டு கோயிலுக்குப் போவார்களாம். "எனக்குக் குருத்தோலை என்றால் இதுதான்" என்பார். அதற்காகவே கல்லறைத் தோட்ட மதிலோரம் இரண்டு வில்லோ மரம் வைத்திருந்தார். எங்களுக்கோ தென்னை இல்லாத ஊரில், பெட்டியில் அடைத்து வருகிற நீட்டு ஓலை. ஊர்க் குருத்தின் அந்த மஞ்சள் நிறம் இருக்காது. என்றாலும் மந்திரித்த ஓலை. சிலுவையாக மடித்து வீட்டில் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டால் வருஷம் முழுக்க அங்கேதான் இருக்கும். இடி இடித்தால் ஒரு துண்டைக் கிள்ளி நெருப்பில் போடுகிற அம்மாமார் அந்தப் பதினெட்டு மாடிக் கட்டடத்திலும் இருந்தார்கள், தீயணைப்புக்காரர் வந்த கதையும் இருக்கிறது. அது இன்னொரு நாளைக்கு.

ஓலை கொடுக்கிற வேலையும் என்னுடையதுதான். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை ஓலை, அதுதான் எங்கள் வழக்கம். வாசலில் கூடையோடு நின்று, "வீட்டிலை எத்தினை பேர்?" என்று கேட்டுக் கேட்டு எண்ணிக் கொடுப்பேன். ஆறு, நாலு, மூன்று என்று சொல்லிக்கொண்டு போவார்கள். ஜெசி வரும்போது மட்டும் நான் கேட்பதில்லை. அவளே சொல்லுவாள்.

"ரெண்டு தாங்கோ அக்கா."

ஜெசி, ஜெசிந்தா, மன்னார்ப் பக்கத்துப் பிள்ளை. என்னிலும் எட்டு வயது இளையவள். மல்வேர்னில் ஒரு படுக்கையறை அப்பார்ட்மென்ற்றில் தனியே இருந்தாள். தையல் பாக்டரியில் வேலை. நாங்கள் அப்போது பக்கத்துக் கட்டடம். என் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்தால் அவள் வீட்டுக்குப் போகும், அவளுக்குக் காய்ச்சல் என்றால் என் வீட்டுக் கஞ்சி அங்கே போகும். அவள் வீட்டுத் திறப்பு ஒன்று என்னிடம், என்னுடையது ஒன்று அவளிடம். அவளுடைய புருஷன் மரியதாசை, கல்யாணம் முடித்த அடுத்த வருஷமே ஊரில் ஒரு சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. இவ்வளவும் எங்களுக்குத் தெரியும். அவளைக் கேட்டுத் தெரிந்ததல்ல, ஆட்கள் சொல்லித் தெரிந்தது. தனியே இருக்கிற பெண் இரண்டு ஓலை கேட்டால் இரண்டாவது யாருக்கு என்று வரிசையில் நின்ற எல்லாருக்கும் விளங்கும். ஒருவரும் வாய் திறக்கமாட்டோம். கார்த்திகையில் மரித்தோர் பூசைக்குப் பெயர் எழுதிக் கொடுக்கும்போது, அவளிடம் அந்தத் தாளை நீட்டாமல் அடுத்தவரிடம் நீட்டிவிடுவோம். அதை ஒரு பெரிய மரியாதை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இனிச் சாம்பலுக்கு வருகிறேன். விபூதிப் புதன் அன்று நெற்றியில் சிலுவை அடையாளம் போடுகிற சாம்பல், போன வருஷத்துக் குருத்தோலைகளை எரித்து எடுக்கிறது. ஹேசல் அதைத் தன் ஊர் முறைப்படி செய்வார். பான்கேக் செவ்வாய் பின்னேரம், எல்லாரும் அவரவர் ஓலையைக் கொண்டுவந்து அவரவர் கையாலேயே கொடுக்கவேண்டும். பேஸ்மென்ற் கதவுக்கு வெளியே, பனியை விலக்கிவிட்டு, ஒரு பழைய இரும்பு வாளியில் போட்டு எரித்து, தேயிலை வடியால் சலித்து எடுப்பார். ஒரு வாளி ஓலை எரித்தால் ஒரு கைப்பிடி சாம்பல்தான் வரும். எங்கள் ஆட்கள் ஓலையைத் திருப்பிக் கொண்டுவருவதில் சரியான பஞ்சி, அவ்வளவு சோம்பல். மறந்துபோனோம் என்பார்கள், மந்திரித்ததை எரிக்க மனம் வரவில்லை என்பார்கள். ஒவ்வொரு வருஷமும் சாம்பல் போதாமல், சின்னப் பையில் அடைத்த கடைச் சாம்பலை வாங்கிக் கலக்கவேண்டி வரும். அது ஹேசலுக்குப் பெரிய மனக்குறை. யாரோ தெரியாதவர்களின் ஓலை என்பார்.

ஒரு வருஷம், அவரவர் கையால் வராவிட்டால் போகட்டும், இந்த முறை நானே வீடு வீடாகப் போய்ச் சேர்த்துத் தாறன் என்று கையைத் தூக்கினேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு, காலமையிலிருந்து காரில் மல்வேர்ன் முழுக்கச் சுற்றினேன். பின் சீற்றில் குப்பைப் பை நிறைய ஓலை. மத்தியானம் ஜெசியின் வீட்டுக்குப் போனேன். அவள் வேலையில். திறப்புத்தான் இருக்கிறதே. வாசலில் நின்று அவளுக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"ஜெசி, பழைய குருத்து எடுக்க வந்தனான். எங்க வைச்சிருக்கிறீர்?"

பின்னால் தையல் மெஷின்களின் இரைச்சல். "படத்துக்குப் பின்னால இருக்கு அக்கா, எடுங்கோ. சுப்பவைசர் பாக்கிறா, வைக்கிறன்."

திருக்குடும்பப் படத்துக்குப் பின்னால் ஒரு ஓலைச் சிலுவை இருந்தது. எடுத்தேன். படத்துக்குக் கீழே சின்னத் தட்டில் ஒரு நீல நிறப் பிஸ்கற் ரின். என் கை சும்மா இருக்கவில்லை, திறந்தேன். உள்ளே ஓலைகள். காய்ந்து, மண்ணிறமாகி, ஒவ்வொன்றும் அழகாக மடித்த சிலுவை. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒவ்வொரு நிற நூல் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இந்தப் பிள்ளையும் மற்ற ஆட்களைப் போலத்தான், வருஷக்கணக்காகத் திருப்பிக் கொடாமல் சேர்த்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். அப்படியே பைக்குள் கொட்டினேன். ரின்னுக்குள் தூசி இருந்தது. அதைக் குசினியில் கழுவி, துடைத்து, மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். நல்ல வேலைக்காரி நான்.

கோயில் குசினியில் வைத்து ஓலைகளைத் தெரிந்தெடுத்தபோது, நூல் எரிந்தால் சாம்பலில் கட்டி விழும் என்று கத்தரிக்கோலை எடுத்து அந்த நூல்களை வெட்டினேன். சிவப்பு, மஞ்சள், கத்தரிப்பூ நிறம். வெட்டி, முட்டைக்கோதுகளோடு குப்பையில் போட்டேன். வெயில் மறையுமுன் ஹேசல் வாளியில் நெருப்பு வைத்தார். காய்ந்த ஓலை கொஞ்ச நேரம்தான் எரியும். பிள்ளைகள் பான்கேக் பிடித்த கையோடு சுற்றி நின்று பார்த்தார்கள். அந்த வருஷம் சாம்பல் இரண்டு கிண்ணம் வந்தது. ஹேசல் சலித்துக்கொண்டே, "இந்த முறை எல்லாம் நம்முடைய ஆட்களின் சாம்பல்" என்றார். என் தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது.

அடுத்த நாள் விபூதிப் புதன். ஜெசி வேலைக்குப் போகும் வழியில் விடியப் பூசைக்கு வந்து சாம்பல் பூசிக்கொண்டு போனாள். பின்னேரம் சிரித்துச் சிரித்து ஒரு கதை சொன்னாள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒரு வெள்ளைக்கார மனுஷன், நெற்றியில் ஊத்தை என்று ரிஷூ நீட்டினாராம்.

"நான் வேண்டேல்லை அக்கா. இரவு முகம் கழுவேக்கையும் அந்த இடத்தை விட்டுட்டுத்தான் கழுவப்போறன்."

நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஆறு கிழமை கழித்துக் குருத்தோலை ஞாயிறு. வழமைபோலக் கூடையோடு வாசலில் நின்றேன். வழமைபோல ஜெசி, "ரெண்டு தாங்கோ அக்கா" என்றாள். கொடுத்தேன். வீட்டுக்கு வந்து சமைத்துக்கொண்டிருக்க ரெலிபோன் அடித்தது.

"அக்கா, ரின்னுக்கை இருந்ததை எடுத்தனீங்களோ?"

"ஓம் ஜெசி. எல்லாத்தையும் எடுத்தனான். இந்த முறை கடைச் சாம்பலே தேவைப்படேல்லை."

ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு கறியைக் கிளறினேன்.

"ஒன்பது இருந்தது" என்றாள்.

"நான் எண்ணேல்லை."

"அது அவரின்ரை. அவரவர் கையாலயெல்லோ திருப்பிக் குடுக்கவேணும். அவர் வந்து தன்ரை கையால குடுக்கட்டும் எண்டு வைச்சிருந்தனான்."

அடுப்பை நிற்பாட்டினேன்.

"அப்ப அண்டைக்கு எல்லாரின்ரை நெத்தியிலையும் பூசினது அதைத்தான்" என்றாள். பிறகு, "என்ரை நெத்தியிலையும்" என்றாள்.

"ஜெசி, நான் இப்ப வாறன்."

"வேண்டாம் அக்கா. சோறு அடுப்பில கிடக்கு, வைக்கிறன்."

நான் போனேன்தான். அவள் கதவைத் திறந்து, தேத்தண்ணி போட்டுத் தந்தாள். அழுதது நான். அவள் எனக்கு ரிஷூ எடுத்துத் தந்தாள். மேசையில் அந்த ரின் திறந்தபடி இருந்தது. "கழுவியும் வைச்சிருக்கிறீங்கள்" என்றாள். அதில் கோபம் இருந்ததா என்று இத்தனை வருஷமாக யோசித்துப் பார்க்கிறேன், இல்லை. கோபித்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். ஒவ்வொரு வருஷமும் ஓலையை மடித்து, அந்த வருஷம் பாக்டரியில் எந்த நிறம் தைத்தாளோ அந்த நூலால் கட்டிவைப்பது என்று அன்றைக்குத்தான் சொன்னாள். அவர் வந்தால் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவாளாம், இது நான் சிவப்புக் கோட் தைத்த வருஷம், இது பள்ளிக்கூடச் சட்டை தைத்த வருஷம் என்று. அன்று காலை எடுத்த இரண்டு ஓலையும் மடிக்காமல் மேசையில் கிடந்தன.

அந்தப் பெரிய வெள்ளியும் அவள்தான் புலம்பல் பாடினாள். மகனின் உடலை மடியில் வைத்துக்கொண்டு தாய் அழுகிற பாட்டு. மன்னார்க்காரர் அதை இழுத்துப் பாடுகிற முறை ஒன்று இருக்கிறது, கேட்டால் கல்லும் கரையும். மற்ற வருஷங்களில் பாடப்பாட அவளே விக்கி நின்றுவிடுவாள், மற்றவர்கள் எடுத்துக் கொடுக்கவேண்டும். அந்த வருஷம் ஒரு இடத்திலும் நிற்கவில்லை, கடைசி அடிவரைக்கும் பாடி முடித்தாள். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

ஈஸ்டர் முடிந்த அடுத்த சனிக்கிழமை, கல்லறைத் தோட்டம் கூட்டுகிற நாள். நிலம் அப்போதுதான் இளகத் தொடங்கியிருந்தது. ஹேசல் என்னை மதிலோரமாகக் கூப்பிட்டார். பங்கு அறிவித்தல் தாளை ரைப் பண்ணுவது அவர்தான். ஜெசி முதல்நாள் வந்து, செத்தவர்களுக்கு வைக்கிற ஆன்ம இளைப்பாற்றிப் பூசைக்கு மரியதாஸ் என்று பெயர் கொடுத்துவிட்டுப் போனாளாம். "ஏதாவது தகவல் வந்ததா?" என்று கேட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்க அவர் குப்பை வாரியைச் சாத்திவிட்டு மதிலில் இருந்துவிட்டார்.

"அந்த ஓலைகளில் நூல் கட்டியிருக்கவில்லையா?" என்றார்.

அவருக்கு அந்த ரின் தெரியும். நூலும் தெரியும். ஜெசி வீட்டுக்குப் போய் அதைப் பார்த்தும் இருக்கிறார். ஜெசி முதன்முதலில் இரண்டு ஓலை வாங்கிய அன்றே, இரண்டாவது யாருக்கு என்று ஹேசல் நேரே கேட்டாராம். அவளும் தனக்குத் தெரிந்த இங்கிலீசில் எல்லாவற்றையும் சொல்லி, பேஸ்மென்ற் படியில் இருந்து அழுதாளாம். "நான் கேட்டேன், அவ்வளவுதான்" என்றார் ஹேசல். "உங்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தேன்."

எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அவள் வீட்டில் நான் குடித்த தேத்தண்ணிக்குக் கணக்கில்லை, அவளுடைய வீட்டுத் திறப்பு என் கைப்பைக்குள், ஆனால் ஒரு நாளாவது அவரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் அழுவாள், பாவம், எதற்கு என்று சொல்லிக்கொள்வோம். உண்மை என்னவென்றால், அவள் அழுதால் என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியாது. அது பயம். நான் அதை மரியாதை என்று சொல்லிக்கொண்டேன். ஒரே ஒரு தரம் கேட்டிருந்தால் அந்த நூலைக் கண்டதும் என் கை நின்றிருக்கும். நூலை வெட்டாமல் விட்டிருந்தாலும் ஹேசலின் கை நின்றிருக்கும்.

பூசை நடந்தது. ஜெசி வெள்ளைச் சேலை கட்டி முன் வரிசையில் இருந்தாள். ஒன்பது வருஷமாக யாரும் நீட்டத் துணியாத தாளில் அவர் பெயரை எழுதவைத்தது நான்தான். வேறு யாரையும் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு ஒரு கிழமைகூட ஆகவில்லை. பனிக்காலத்து உப்பு அப்பிக் கிடந்த காரைக் கழுவுவோம் என்று, தரை விரிப்புகளை எடுத்து உதறினேன். பின் சீற்றுக்கு அடியில் ஒரு ஓலைச் சிலுவை கிடந்தது. நடுவில் பச்சை நூல். பையைக் கொட்டி நிரப்பினபோதோ தூக்கினபோதோ வழுகி விழுந்திருக்கவேண்டும். எரிந்தது எட்டுத்தான்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் வாளித் தண்ணீரோடு நின்றேன் என்று தெரியாது. ஓடிப்போய்க் கொடுக்கவேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. கால் இரண்டு அடி வைத்தது. பிறகு நினைத்தேன், அவள் இப்போதுதான் அவரை அடக்கம் பண்ணியிருக்கிறாள். உடல் இல்லாமல், கல்லறை இல்லாமல், நெற்றிச் சாம்பலை வைத்துக்கொண்டு. இதைக் கொண்டுபோய் நீட்டினால் மறுபடியும் கதவைப் பார்த்துக்கொண்டு இருக்கச் சொல்வதாகாதா? கொடுக்காவிட்டால் அவளுடைய பொருளை நான் இரண்டாம் தரமும் எடுத்ததாகாதா? யாரிடமாவது கேட்டிருக்கலாம். ஹேசலிடம் கேட்டிருக்கலாம். வெட்கத்தில் கேட்கவில்லை. என் அலுமாரியில், சேலைகளுக்கு நடுவில் வைத்தேன். நாளைக்கு, அடுத்த கிழமைக்கு, அடுத்த ஈஸ்டருக்கு என்று தள்ளித் தள்ளி வருஷங்கள் போய்விட்டன.

இதற்கிடையில் எல்லாம் போய்விட்டது. ஹேசல் ஒரு மாசி மாதத்தில், பான்கேக் பட்டியலைப் பாதி எழுதி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அவருடைய ஆட்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். எங்கள் ஆட்கள் ரூஜுக்கும் மார்க்கத்துக்கும் வீடு வாங்கிக்கொண்டு போனார்கள், நாங்களும் போனோம். கூரை ஒழுகுகிறது, திருத்தக் கட்டாது என்று கோயிலை மூடி, பக்கத்துக் கோயில் பங்கோடு சேர்த்து, காணியை விற்றார்கள். இப்போது அங்கே ஒரே மாதிரியான ரவுன்ஹவுஸ் வரிசை, ஒட்டி ஒட்டிக் கட்டின வீடுகள். கல்லறைத் தோட்டத்தை மட்டும் விட்டு, சுற்றிவரக் கம்பி வேலி அடித்திருக்கிறார்கள். ஹேசல் அதற்குள்ளேதான் இருக்கிறார். மதிலோரத்து வில்லோ இரண்டையும் கட்டட வேலைக்காரர் வெட்டிவிட்டார்கள். பேஸ்மென்ற் இல்லை, அந்தப் படி இல்லை, வெண்ணெய் கருகும் வாசம் இல்லை. நாங்கள் இப்போது போகிற கோயில் பெரியது. கார் நிறுத்த இடம் தாராளம். சாம்பல் பையில் வருகிறது. பழைய ஓலையை என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை.

சுப்பர்மார்க்கெற்றில் அந்தக் குச்சியைத் தொட்டுவிட்டு வந்த அன்று இரவு நித்திரை வரவில்லை. இந்த முறை கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்தேன். நேற்றுக் குருத்தோலை ஞாயிறு. அந்தப் பச்சை நூல் ஓலையை ஒரு கைலேஞ்சித் துணியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். ஜெசி இன்னமும் மல்வேர்னில்தான், இரண்டு பஸ் மாறி வருவாள். தலை நரைத்துவிட்டது. கண்ட உடனே என் கையைப் பிடித்துக்கொண்டாள், எப்போதும் அப்படித்தான். "முழங்கால் எப்பிடி அக்கா?" என்றாள். எங்கள் சிநேகிதத்தில் ஒரு குறையும் வந்ததில்லை. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருக்கிறது.

வாசலில் இங்கே பிறந்த ஒரு பெடியன் ஓலைக் கூடையோடு நின்றான். "அன்ரி, ஹவ் மெனி?" என்று ஜெசியைக் கேட்டான்.

"ஒண்டு காணும் தம்பி" என்றாள்.

அந்த வருஷத்துக்குப் பிறகு அவள் ஒன்றுதான் எடுக்கிறாள். எனக்குத் தெரியும், பார்த்திருக்கிறேன். என்றாலும் நேற்று அதை அவள் பக்கத்தில் நின்று காதால் கேட்டபோது, கைப்பைக்குள் போன என் கை வெளியே வரவில்லை. பெடியன் என்னைப் பார்த்தான்.

"அஞ்சு" என்றேன்.

ஜெசி திரும்பினாள். "உங்கட வீட்டிலை நாலு பேரெல்லோ அக்கா?"

"ஒண்டு கூட வைச்சிருக்கிறன்" என்றேன்.

அவள் என் கையிலிருந்த ஐந்து ஓலையையும் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன்னுடைய ஒற்றை ஓலையைச் சிலுவையாக மடிக்கத் தொடங்கினாள். விரல்கள் முன்னைப்போல ஓடவில்லை, இரண்டு தரம் பிரித்துத் திருப்பி மடித்தாள். அந்த நேரம் முழுக்க நான் காத்துக்கொண்டு நின்றேன். அந்த ஒரு கேள்வி வந்தால் எல்லாவற்றையும் சொல்லி, கைலேஞ்சியை எடுத்து அவள் கையில் வைத்துவிடுவேன்.

யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. மணி அடித்தது, உள்ளே போனோம். ஹேசல் இருந்திருந்தால் கேட்டிருப்பார்.